ஆவூர்க் கோட்டைக்குள் அழுத குழந்தைகள்

புறநானூறு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வீரத்தாய்தான். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டுக் கொதித்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்தவள். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் அந்த 278-ஆம் பாடல் நம் மேடைகளில் ஓயாமல் முழங்குகிறது. அதே நூலில், போர் நடக்கும்போதே அரசர்களின் முகத்துக்கு நேரே அதன் விலையைச் சொன்ன ஒரு புலவரும் இருக்கிறார். அவர் கோவூர் கிழார்.

அவர் கண்ணெதிரே நடந்தது பங்காளிச் சண்டை. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டார்கள். ஆவூரை நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிட்டான். மதிலுக்குள் என்ன நடந்தது என்பதை 44-ஆம் பாடல் சொல்கிறது. குளத்துக்குப் போக முடியாத யானைகள், நெய்க்கவளமும் இல்லாமல் தறியில் கட்டுண்டு, துதிக்கை தரையில் புரளப் பிளிறுகின்றன. பாலில்லாமல் குழந்தைகள் அழுகின்றன. பெண்கள் பூவில்லாத கூந்தலை வெறுமனே முடிந்துகொள்கிறார்கள். வீடுகளில் தண்ணீர் இல்லை.

இந்தக் காட்சியில் வாள் இல்லை, அம்பு இல்லை, ஒரு பிணம்கூட இல்லை. ஆயினும் முற்றுகையின் கொடுமை முழுதும் இதில் இருக்கிறது. போரை அரண்மனை நடத்துகிறது, பட்டினியை ஊர் சுமக்கிறது என்பதைப் புலவர் கண்ணால் கண்டு சொல்கிறார். இவ்வளவு துன்பத்துக்கு நடுவே நீ இங்கே இனிதாக இருப்பது கொடிது என்று மன்னனிடமே சொல்லவும் அவருக்குத் துணிவிருந்தது. அறம் வேண்டுமானால் நாட்டை நலங்கிள்ளிக்கு விட்டுக்கொடுத்துக் கதவைத் திற, மறம் வேண்டுமானால் வெளியே வந்து போரிடு என்கிறார். போரே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மக்களை வாட்டிக்கொண்டு மதிலுக்குள் ஒளிந்திருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பகை ஓயவில்லை. உறையூரிலும் முற்றுகை நடந்தது. 45-ஆம் பாடலில் இருவரையும் நிறுத்தி, எதிரே இருப்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன், இருவர் தலையிலும் இருப்பது ஆத்திதான் என்கிறார். யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே.

நூலில் இவர் தனிக்குரல் என்று நினைத்துவிட வேண்டாம். சேர, சோழ மன்னர் இருவருமே களத்தில் மடிந்த போரைப் பரணர் 63-ஆம் பாடலில் பாடும்போது, சுமக்க ஆளில்லாமல் கிடக்கும் முரசுகளைக் காட்டி, இனி அவர்கள் நாடுகள் என்னாகுமோ என்று வருந்துகிறார். ஒக்கூர் மாசாத்தியாரின் 279-ஆம் பாடலை வீரப்பாட்டாகவே படித்துப் பழகிவிட்டோம். முன்பு ஒரு போரில் தன் குடும்பத்து ஆண்மகனையும், நேற்றைய போரில் கணவனையும் இழந்தவள், இன்று ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அந்த வீட்டில் அதற்குமேல் அனுப்ப யாரும் இல்லை. வீரத்தைப் போற்றும் அதே பாடல் இழப்பையும் எண்ணிக் காட்டுகிறது.

ஆனால் நெஞ்சை அதிகம் அறுப்பது கோவூர் கிழாரின் 46-ஆம் பாடல். பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் அவையைக் கூட்டியிருக்கிறான். அந்தச் சிறுவர்கள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். அதன்பின் சுற்றியிருக்கும் முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறார்கள். குழந்தைகளை அறிந்த ஒருவர்தான் இதைக் கவனித்திருக்க முடியும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று புலவர் முடித்துவிடுகிறார்.

பாடலின் அடியிலுள்ள பழைய குறிப்பு இல்லையென்றால் இந்தப் பின்னணி நமக்குத் தெரிந்திருக்காது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாடல்களோடு இக்குறிப்புகளும் அச்சேறின. கோவூர் கிழார் பாடி அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்கிறது 46-இன் குறிப்பு. ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லவிருந்த இளந்தத்தன் என்ற புலவரையும் அவர் பாடியே மீட்டார் என்கிறது 47-இன் குறிப்பு.