மூதவையில் ஒரு சட்ட அறிஞர்: மு. திருச்செல்வம்

உப்பூர்ப் பிள்ளையாரை வணங்கித் தேவிபட்டினம் வழியே சேதுவுக்குச் செல்வது இராமநாதபுரக் கரையோரத்து வழிபாட்டு மரபு. அச்சேதுவில் இருந்தே, கடலுக்கு அப்பாலுள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் ஞானசம்பந்தர் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். அத்திருக்கோணமலையின் பொருட்டு 1968-இல் அமைச்சர் பதவியைத் துறந்தவர் இலங்கைச் சட்ட அறிஞர் மு. திருச்செல்வம். அவர்தம் பொதுவாழ்வை ஈண்டு ஆராய்வோம்.

வழக்கறிஞர் செனட்டர் ஆதல் அமெரிக்காவில் பெருவழக்கு. ஆங்கு 1913-இல் நிறைவேறிய அரசியற் சட்டத் திருத்தத்திற்குப் பின், செனட்டரை மக்களே நேராகத் தேர்கின்றனர். இலங்கையில் 1947-இல் தோன்றிய செனட் சபையாகிய மூதவையோ வேறு இயல்பினது. அதன் 30 உறுப்பினருள் 15 பேரைக் கீழவை தேர்ந்தது. எஞ்சிய 15 பேரைப் பிரதமரின் அறிவுரைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். மக்கள் வாக்கு என்னும் பின்பலம் இச்செனட்டர்க்கு இல்லை. இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1907-இல் பிறந்த திருச்செல்வம், சொலிசிட்டர் ஜெனரலாகப் பணிபுரிந்தவர். 1965 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. 14 இடங்களை வென்ற தமிழரசுக் கட்சியின் துணையை டட்லி சேனநாயக்கா நாடினார். மார்ச்சு 24-இல் அவருக்கும் செல்வநாயகத்துக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. மாவட்ட சபைகள் அமைத்தல் அதன் உறுதிமொழிகளுள் ஒன்று. தமிழரசுக் கட்சியின் சார்பில் செனட்டராகிய திருச்செல்வம், உள்ளூராட்சி அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

மாவட்ட சபைத் திட்டம் 1968-இல் வெள்ளை அறிக்கையாக வெளிவந்தும், எதிர்ப்பு மிகுந்தமையால் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே கோணேசர் கோயிற் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவர் மறுப்புத் தெரிவிக்கவே, பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார்; தமிழரசுக் கட்சியும் அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது.

ஒரு குழுவின் பொருட்டு அமைச்சைத் துறத்தல் மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். மிகையன்று என்பதே எம் கருத்து. நியமனத்தால் வந்த செனட்டரின் அதிகாரம் பிரதமரின் சொல்லையே பற்றி நின்றது. அச்சொல் பிறழ்ந்தபின் பதவியில் எஞ்சியது பெயர் மட்டுமே.

1971 அக்டோபரில் மூதவையே ஒழிக்கப்பட்டது. 1976-இல் அமிர்தலிங்கம் முதலியோர் மீது தொடரப்பட்ட வழக்கில், செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் திருச்செல்வமும் எதிரிகள் சார்பில் தோன்றினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். மூதவை அவருக்குத் தந்தது பிறர் கையிலிருந்த அதிகாரம். சட்டக் கல்வியோ இறுதிவரை அவர் கையிலேயே இருந்தது.