தீச்சுவர்: விதி எழுதப் பழகிய வரலாறு

ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர், ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்புக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று, எந்தத் தரவுப் பொதியை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் கருவி அல்லது மென்பொருள். பெயர் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குத் தாவாமலிருக்க எழுப்பும் சுவருக்கு அந்தப் பெயர். வாகனங்களில் எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தகட்டையும் அப்படியே அழைப்பதுண்டு.

சுவர் என்னும் சொல் ஒரு தவறான எண்ணத்தையும் தருகிறது. சுவரைக் கட்டி முடித்தால் வேலை முடிந்தது. தீச்சுவருக்கோ, அதைப் பொருத்திய அன்றுதான் வேலை தொடங்குகிறது. அதற்குள் எழுதப்படும் விதிகளே காவல். அந்த விதிகளைப் பிழையின்றி எழுதும் திறமை, தொடக்கம் முதலே புத்தகத்தைவிடக் கைப்பழக்கத்தால்தான் வளர்ந்திருக்கிறது.

புழுவும் பொறியும்

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய நிரல் ஒன்று இணையத்தில் பரவியது. அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை அதனால் முடங்கியிருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்களின் வலையமைப்பாக இருந்த இணையம், கதவு வைக்க வேண்டிய இடம் என்று உணரப்பட்டது இதன் பிறகே. பொதிகளின் முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து வடிகட்டும் முறைகளை டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனப் பொறியாளர்கள் அக்காலத்திலேயே உருவாக்கிவந்தனர்.

1991 சனவரியில், ஏடி அண்டு டி பெல் ஆய்வகத்தில் பில் செஸ்விக், உள்ளே நுழைய முயன்ற ஒருவரை விரட்டவில்லை. போலியான கணினிச் சூழல் ஒன்றை அமைத்து, அவர் என்ன செய்கிறார் என்று மாதக்கணக்கில் கவனித்தார். எதிராளியின் விரல் அசைவிலிருந்து பாதுகாப்பைக் கற்ற முதல் பாடங்களுள் இதுவும் ஒன்று எனலாம். அவரும் ஸ்டீவ் பெல்லோவினும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட நூல், இத்துறையின் முதல் தலைமுறைக்குப் பாடநூலானது.

அதே 1994இல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஃபயர்வால்-1 சந்தைக்கு வந்தது. தொடங்கிய உரையாடலை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கான பதில் பொதிகளை மட்டும் அனுமதிப்பது அதன் சிறப்பு. சுட்டியால் சொடுக்கியே விதிகளை அமைக்கவும் முடிந்தது. வசதி கூடியதால் பிழை குறைந்துவிடவில்லை. நிறுவனங்களின் 37 செக் பாயின்ட் விதித் தொகுப்புகளை ஆராய்ந்து அவிஷாய் வூல் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை மோசமாக அமைக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. விதித் தொகுப்பு சிக்கலாக ஆக, பிழைகளும் பெருகியிருந்தன. குறை கருவியில் இல்லை, எழுதிய கையில் இருந்தது.

பழைய கணினியே பயிற்சிக்கூடம்

விலை உயர்ந்த கருவியை மாணவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. அந்தத் தடையை உடைத்தது லினக்ஸ். 1996இல் வந்த 2.0 கருனலுடன் ஐபிஎஃப்டபிள்யூஆட்மின், 1999இல் 2.2 உடன் ஐபிசெயின்ஸ், 2001இல் 2.4 உடன் ரஸ்டி ரஸ்ஸல் முன்னின்று உருவாக்கிய ஐபிடேபிள்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக இலவசத் தீச்சுவர்கள் வந்தன. மூலைக்குப் போன பழைய கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டைகளைச் செருகினால் தீச்சுவர் தயார். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பின் வந்த தலைமுறைக்கு இது பெரிய வாய்ப்பு.

இன்று அந்தப் பழைய கணினியும் தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் வெளியாள், தீச்சுவர், உள்ளே ஒரு சர்வர் என மூன்று மெய்நிகர் கணினிகளை ஒரே மடிக்கணினியில் ஓட்டலாம். முதல் பயிற்சி எளிமையானது: எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, இணையதளத்துக்கான 80, 443 ஆகிய போர்ட்களை மட்டும் திற. பலர் இங்கேயே தடுமாறுவார்கள். ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும். பொருந்தும் முதல் விதியே தீர்ப்பு. 'தடு' என்ற விதி மேலே இருந்தால், கீழே எழுதிய 'விடு' ஒருபோதும் படிக்கப்படாது. அந்த விதிக்கு எதிரே உள்ள எண்ணி 0 என்றே நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது புரிவது, பத்துப் பக்கம் படித்தாலும் புரிவதில்லை.

அடுத்தது தன்னைத்தானே பூட்டிக்கொள்வது. தொலைவிலிருந்து நுழையும் வழியையே அடைத்துவிட்டு, திரை உறைந்து நிற்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்காத நிர்வாகி அரிது. ஓசூரில் இருந்தபடி சென்னையிலுள்ள கருவியை இப்படிப் பூட்டினால் சுமார் 300 கிலோமீட்டர் பயணம். இந்த அனுபவமே கருவிகளின் வடிவத்தையும் மாற்றியது. ஜூனிப்பர் கருவிகளில் ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாகப் பதிந்து, 10 நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்யலாம். டெபியன் லினக்ஸிலும் அத்தகைய கருவி உண்டு.

ஆலைக்குள்ளே ஒரு சுவர்

தமிழ்நாட்டில் இந்தத் திறமையின் அருமை தெரிந்தது 2017 மே மாதத்தில். 12ஆம் தேதி பரவத் தொடங்கிய வான்னாகிரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியே கணினிக்குக் கணினி தாவியது. சென்னையை அடுத்த ஒரகடத்தின் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தத்தை வெளியிட்டிருந்தது. இத்தகைய புழு ஒரு கணினி வழியாக உள்ளே வந்துவிட்டால், வாசலில் உள்ள தீச்சுவரால் பயனில்லை. பிரிவுக்குப் பிரிவு உட்சுவர் வேண்டும்.

2019 அக்டோபர் 30 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்புக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருப்பதாகவும் அது பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. அந்தப் பிரிப்புத்தான் அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் பேசப்பட்டது தீநிரல் மட்டுமே.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது அயலூர்க் கதையல்ல. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளி, வாரச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். அதே சாலையில் குருபரப்பள்ளி சிப்காட் வளாகம் இருக்கிறது. கர்நாடக எல்லையை நெருங்கினால் ஓசூரின் வாகன ஆலைகள். இத்தகைய ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பேசும் மொழிகளுள் மோட்பஸ் ஒன்று. மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட அந்த நெறிமுறைக்குக் கடவுச்சொல் என்பதே கிடையாது. 502 போர்ட்டை எட்ட முடிந்த எவரும் கட்டளையிடலாம், இயந்திரம் கீழ்ப்படியும். எதிரே நிற்பவருக்கு அடிபடுமா என்று அது பார்க்காது. ஆகவே அலுவலகக் கணினிகளுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவிலுள்ள சில வரி விதிகளே அங்குப் பெரிய காவல்.

இந்தப் பகுதிப் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சியும் இதுவே. இலவச மோட்பஸ் பாவனை மென்பொருளை ஒரு மெய்நிகர் கணினியில் ஓட்டி, பொறியாளர் கணினி ஒன்றை மட்டும் 502ஐத் தொட அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் தடுத்து, தடுத்தவற்றைப் பதிவேட்டில் எழுதச் செய்வது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமானால், பதிவேட்டின் ஒரு வரியில் எது வந்த முகவரி, எது போன போர்ட் என்று பார்த்த மாத்திரத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் ஆலையில் இருக்க வேண்டும், இரவுப் பணி நேரத்திலும்.