பெயர்வுத்திறன் கொண்ட ஷெல் நிரல்

பல யூனிக்ஸ் அமைப்புகளிலும் திருத்தமின்றி ஓடும் கட்டளை நிரல். 1992இல் வெளியான போசிக்ஸ் ஷெல் தரமே இதற்கு உறுதியான அடித்தளம். சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒருவர் மேக் கணினியில் எழுதும் நிரல், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் பாதியில் நின்றுவிடலாம். பாஸுக்கு அடிப்படையான டெபியன், 2011இல் வந்த 6ஆம் பதிப்பில் ‘எஸ்ஹெச்’ என்ற பெயருக்குப் பின்னால் பேஷ் ஷெல்லுக்குப் பதில் டாஷ் ஷெல்லை வைத்தது. பேஷில் உள்ள இரட்டைச் சதுர அடைப்புச் சோதனையும் அணிகளும் டாஷுக்குத் தெரியாது. எங்கும் பேஷையே நம்பலாமே என்பர். ஆனால் மேக்கோடு வருவது பழைய பேஷ் 3.2; 2009இல் பேஷ் 4.0 கொண்டுவந்த பெயர்சுட்டு அணிகள் அதில் இல்லை. ஷெல் ஒத்துப்போனாலும் கருவிகள் ஒத்துப்போவதில்லை. கோப்பை அதே இடத்தில் திருத்தும் ‘செட்’ கருவியின் தெரிவுக்கு மேக்கில் காப்புப் பின்னொட்டை, வெற்றாகவேனும், தரவேண்டும். லினக்ஸில் உள்ள குனு செட்டில் அது தேவையில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றும் முறை இரண்டிலும் செல்லும்.