வெப்பத்தை வரவேற்ற விஞ்ஞானிகள்

பூமி சூடேறி வருகிறது என்று இன்று நாம் கவலைப்படுகிறோம். இதே செய்தியை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்றால் நம்புவீர்களா?

காற்றிலுள்ள கரியமில வாயு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. இவ்வாயு இரு மடங்கானால் பூமியின் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி சென்டிகிரேடு வரை உயரும் என்று 1896-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டவர் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ். நிலக்கரியை எரிப்பதால் இவ்வாயு பெருகும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அஞ்சவில்லை. வருங்காலச் சந்ததியார் இதமான தட்பவெப்பநிலையில், அதிக விளைச்சலோடு வாழ்வார்கள் என்று பொதுமக்களுக்காக எழுதிய நூலில் நம்பிக்கை தெரிவித்தார். குளிர் நாட்டில் வாழ்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை அல்லவா?

1938-இல் இங்கிலாந்தின் நீராவிப் பொறியியல் நிபுணர் கை கேலண்டர், 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்தார். பூமி சூடேறத் தொடங்கிவிட்டது என்று வானிலை அறிஞர்கள் முன் எடுத்துரைத்தார். அவர்கள் ஐயத்தோடுதான் கேட்டார்கள். கேலண்டரும் இதை நன்மை என்றே கருதினார். பனியுகம் திரும்பி வராது, வடக்கே சாகுபடி பரவும் என்பது அவர் எண்ணம்.

1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்தது. அந்த அளவு ஆண்டுதோறும் ஏறியது. ஆயினும் பொதுமக்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1988 ஜூன் 23 அன்று, ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பூமி சூடேறுவது உறுதி என்றார். அந்தக் கோடையில் அமெரிக்கா வெப்பத்தாலும் வறட்சியாலும் தவித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் சொன்னது பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது!

92 ஆண்டுகள் காத்திருந்த உண்மைக்கு, வியர்வை வடிந்த வேளையில்தான் மக்கள் செவிசாய்த்தார்கள். பின்னாளில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. அன்றைய தினம் வழக்கத்தைவிட வெப்பமாக இருப்பதாக உணர்ந்தவர்களே, பூமி சூடேறுவதைப் பற்றி அதிகக் கவலை தெரிவித்தார்கள்.

ஒரு நாள் வெயில் வேறு, பல்லாண்டுகளின் தட்பவெப்பநிலை வேறு. மழை பெய்து உடல் குளிர்ந்ததும் கவலையும் குளிர்ந்துவிடலாமா? கீலிங் தொடங்கிய அளவீடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அடுத்த மழை நாளிலும் இந்த எண்ணை நினைத்துப் பாருங்கள்.