பதினாறாவது பையன்

பள்ளியில் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் எங்கள் பி.டி. சார் முதலில் எல்லோரையும் உயர வரிசையில் நிற்கவைப்பார். நெட்டையான பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வருவார். பன்னிரண்டாவது பையனோடு எண்ணிக்கை நின்றுவிடும். "மிச்சப் பேரெல்லாம் கோ-கோ ஆடப் போங்கடா" என்பார். பந்தை யார் கையிலாவது கொடுத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் பதினேழாவதோ பதினெட்டாவதோ. அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மைதானமும் மூன்று பந்துகளும்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. பதினான்கு வயதுப் பையனிடம் பயிற்சியாளர் என்னத்தைத்தான் பார்க்கிறார்? இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது, அந்தக் கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது.

ஆட்டம் பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். வெளியே பனிக்காலம். உள்ளே அடங்காத ஒரு வகுப்பு. அவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை மேல்தளக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் அடித்துவைத்தார். இலக்கு தரையில் இருந்தால் பலம் உள்ளவன் வேகமாக எறிவான், அடிபடும். தலைக்கு மேலே இருந்தால் நிதானமாகத் தூக்கிப் போட்டாக வேண்டும். முரட்டுத்தனத்தைக் குறைக்க வைத்த உயரம்தான் அது. பின்னாளில் அதுவே நெட்டையானவர்களுக்குச் சாதகமாகப் போய்விட்டது.

அந்த முதல் ஆட்டத்தில் தேர்வு என்பதே கிடையாது. வகுப்பில் இருந்தது 18 பேர். பக்கத்துக்கு ஒன்பது பேர். எல்லோரும் ஆடினார்கள்.

அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. எங்கள் பி.டி. சார் அங்கே படித்தவர். நெய்ஸ்மித்தின் பழக்கூடைக்கும் எங்கள் பள்ளி மைதானத்துக்கும் இப்படி ஒரு நேர்க்கோடு உண்டு. அந்தப் பாதையில் எங்கேயோ 'எல்லோரும் ஆடலாம்' என்பது மட்டும் உதிர்ந்துவிட்டது.

இன்றைக்கு நம்ப முடியாத ஒன்று, ஆரம்பத்தில் அதிக உயரமே ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. ரொம்ப நெட்டையானவன் தடுமாறுவான், ஓடமாட்டான் என்று பல பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். ஜார்ஜ் மைக்கன் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊர்க்காரர். பிற்பாடு ஆறடி பத்து அங்குலம் வளர்ந்தவர். கண்ணாடி போட்டிருக்கிறான் என்று உயர்நிலைப் பள்ளி அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் முயன்றபோது, கால் தடுமாறுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

1942-ல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்துக்கு ரே மேயர் பயிற்சியாளராக வந்தார். வயது 28. அவரும் அதே தடுமாற்றத்தைத்தான் பார்த்தார். ஆனால் அதைச் சரிசெய்யக்கூடிய ஒன்றாகப் பார்த்தார். மைக்கனைக் கயிறு தாண்டவைத்தார். குத்துச்சண்டைப் பை முன்னால் நிறுத்தினார். கால் பழக நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். கூடைக்கு அடியில் இடது கை, வலது கை என்று மாற்றி மாற்றிப் போடும் பயிற்சி தினமும் நடந்தது. உலகமெங்கும் பிள்ளைகள் இன்றும் அதை 'மைக்கன் டிரில்' என்ற பேரில் செய்கிறார்கள். கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தடுக்கக் கூடாது என்று 1944-ல் கல்லூரி ஆட்டத்தில் விதி வந்ததற்கு மைக்கனும் ஒரு காரணம். அதற்குப் பிறகு பயிற்சியாளர்கள் எல்லோரும் நெட்டையான பையன்களைத் தேட ஆரம்பித்தார்கள். எங்கள் சாரின் உயர வரிசை அங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் உயரமும் போதவில்லை. 1940-களின் கடைசியில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மெக்லிமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. ஒல்லியான ஒரு கறுப்பினப் பையன். பந்து கையில் நிற்காது. இளையோர் அணியிலேயே கடைசி ஆள். அணிக்கு இருந்த சீருடை 15, பையன்களோ 16 பேர். பயிற்சியாளர் ஜார்ஜ் பவுல்ஸ் பதினாறாவது பையனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பதினைந்தாவது சீருடையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளச் சொன்னார். ஓர் ஆட்டத்துக்கு இவன் போடுவான், அடுத்த ஆட்டத்துக்கு அவன். அப்படிப் பாதிச் சீருடை போட்டவர்தான் பில் ரஸ்ஸல்.

பவுல்ஸ் கூடைப்பந்தில் மேதை ஒன்றும் இல்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்தது பேஸ்பால். ரஸ்ஸலிடம் அவர் பெரிய வருங்காலத்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆடணும் என்று வந்து நிற்கிற பையனைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

பள்ளி முடியும்போது ரஸ்ஸலுக்கு வந்த கல்லூரி உதவித்தொகை அழைப்பு ஒன்றே ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து. தடுப்பாட்டக்காரன் தரையை விட்டுக் காலை எடுக்கக் கூடாது என்பது அந்தக் காலப் பாடம். ரஸ்ஸலோ எம்பி எம்பிப் பந்தைத் தட்டிவிடுவார். பாடப்படி பார்த்தால் தப்பு. அந்தத் தப்புதான் அவருடைய வித்தை. அந்தக் கல்லூரி 1955, 1956 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்களில் 11 பட்டங்கள்.

அடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. மைக்கேல் ஜோர்டன் பள்ளி அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை. நடந்தது அவ்வளவு நாடகம் இல்லை. 1978-ல், வட கரோலினாவின் வில்மிங்டனில், அவர் முதன்மை அணிக்கு எடுக்கப்படவில்லை. அப்போது ஆறடிக்கும் குறைவு. அவர் வயதுக்காரர்களில் அந்த அணிக்குப் போனது ஆறடி ஏழு அங்குலம் இருந்த ஒரு மாணவர். அணிக்கு உயரம் தேவைப்பட்டது. பயிற்சியாளரைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கதையில் எல்லோரும் விட்டுவிடுவது அடுத்த வரியை. ஜோர்டன் வீட்டுக்குப் போகவில்லை, இரண்டாம் அணிக்குப் போனார். அந்த வருடம் முழுக்க ஆடினார். பிறகு வளர்ந்தார், ஆறடி ஆறு அங்குலம் வரை.

பதிமூன்று, பதினான்கு வயதில் உயரமாக இருப்பவன் பிறகும் உயரமாக இருப்பான் என்பதில்லை. சில பேர் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுவிடுவார்கள். சில பேர் பதினாறில்தான் ஆரம்பிப்பார்கள். அனுபவமுள்ள பயிற்சியாளர்களுக்கு இது தெரியும். அதனால் அவர்கள் வேறு சிலவற்றையும் பார்க்கிறார்கள். கை நீளம். கால் எடுத்து வைக்கும் விதம். பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்பது. தப்புப் பண்ணியதும் தலையைத் தொங்கப்போடுகிறானா, திரும்ப ஓடுகிறானா என்பது. பெஞ்சில் உட்காரவைத்தால் ஆட்டத்தைக் கவனிக்கிறானா என்பது. எல்லாமே நல்ல அளவுகோல்தான். ஆனால் மைக்கன், ரஸ்ஸல், ஜோர்டன் மூன்று பேரும் தேர்வு நாளில் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. கண் எவ்வளவு கூர்மையானாலும் தப்பும். தப்பினவனுக்கு ஆட ஓர் இடம் இருந்ததா என்பதில்தான் மிச்சம் எல்லாம் தீர்மானமாகியிருக்கிறது.

போன மாதம் அக்கா மகன் பள்ளித் தேர்விலிருந்து வாடிப்போய் வந்தான். "மாமா, நான் குள்ளமாம். எடுக்கலை." பக்கத்தில் இருந்தவர்கள் உடனே ஜோர்டன் கதையை எடுத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். நீயும் அப்படி ஆவாய் என்று சொல்வது பொய். விடுபட்ட லட்சம் பையன்களில் ஒருவர்தான் ஜோர்டன். மற்றவர்களுக்கு அந்தக் கதை இன்னொரு சுமை. "சரிடா, இனிமே எங்க ஆடப் போற?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் இரண்டாம் அணி கிடையாது.

இரண்டு தெரு தள்ளி மாநகராட்சிப் பூங்காவில் ஒரு கூடை இருக்கிறது. வலை அறுந்து வளையம் மட்டும் மிச்சம். சாயங்காலம் அங்கே ஏழெட்டுப் பேர் ஆடுகிறார்கள். யாரும் யாரையும் உயர வரிசையில் நிறுத்துவதில்லை. வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள், ஆள் கூடினால் பக்கத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்கிறார்கள். இப்போது அவன் தினமும் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறான்.