மாங்கனியும் பழ ஈயும்

வைகாசியில் பெங்களூர்க் கடைத்தெருவெங்கும் பாதாமியும் ரஸபுரியும் குவிந்து கிடக்கின்றன. சேலத்து மல்கோவாவுக்கு ஈடாகுமா என்று பெருமூச்சு விட்டபடியே நாமும் வாங்குகிறோம். சில வேளைகளில், மாசற்ற கனி என்று வாங்கியதை வீட்டில் அரிந்தால் உள்ளே வெண்புழுக்கள் நெளிகின்றன. வண்டு துளைத்த பழம் என்று எறிந்துவிடுகிறோம். வண்டு கொட்டைக்குள் வாழ்வது. சதையை அழுகச் செய்வது பழ ஈயின் புழு.

பெண் ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு சதைக்குள்ளேயே பிறந்து வளர்வதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை; நஞ்சு உண்பவருக்கே மிஞ்சுகிறது.

இவ்வீயை வெல்லும் வழி தற்செயலாகப் புலப்பட்டது. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சிக் கழகத்தில் ஹௌலெட் என்னும் ஆங்கிலப் பூச்சியியல் அறிஞர் பணியாற்றிவந்தார். அவருடைய அண்டை வீட்டார் கொசுவை விரட்டச் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்தினார். கொசு போயிற்றோ இல்லையோ, பழ ஈக்கள் திரண்டு வந்து மொய்த்தன; அத்தனையும் ஆண் ஈக்கள்! இதனை 1912-ல் எழுதிய ஹௌலெட், 1915-ல் மெத்தில் யூஜினால் என்னும் பொருளின் கவர்ச்சியையும் வெளியிட்டார். நம் வீட்டுத் துளசியிலும் அப்பொருள் உண்டு.

ஆண் ஈக்கள் மாண்டால் பெண் ஈயின் முட்டை பொரியாது. பசிபிக் கடலின் ரோட்டாத் தீவில் அமெரிக்க விஞ்ஞானிகள், இப்பொருளும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவி, அவ்வினத்தையே ஒழித்தனர். அவ்வெற்றி 1965-ல் அறிவிக்கப்பட்டது.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள, 1967-ல் தோன்றிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், இம்முறையை நம் மாந்தோப்புகளுக்கு ஏற்ப எளிதாக்கியது. மருந்தில் ஊறிய சிறு பலகைத் துண்டைக் கலத்தில் வைத்து மரத்தில் தொங்கவிடுவதே அப்பொறி. அதில் சிறிது நஞ்சு இருப்பதால் முற்றிலும் இயற்கை முறை என்று கூறுவது பொருந்தாது. எனினும் கனியின்மேல் ஒரு துளியும் படுவதில்லை.

ரோட்டாவைச் சூழ்ந்திருப்பது கடல். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத் தோப்பைச் சூழ்ந்திருப்பதோ அயலாரின் தோப்பு. ஒருவர் மட்டும் பொறி வைத்தால், அயல் தோப்பில் இணை சேர்ந்த பெண் ஈ வேலி கடந்து வந்து முட்டையிடும். பொறியின் மணம் அதற்கு ஒரு பொருட்டன்று. ஆகவே ஊரார் ஒருங்கே வைத்தல் வேண்டும். உதிர்ந்த கனிகளைப் பொறுக்கி அழித்தலும், மரத்தடி மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலில் படச்செய்தலும் வேண்டும். அழுகல் கனியைக் கிடக்கவிட்டுப் பொறியை மட்டும் நம்புவோர், நம் கருத்தில், ஈ வளர்ப்போரே.

பழ ஈ அகப்பட்டமையால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் நாளிலிருந்து இந்திய மாங்கனிக்குத் தடை விதித்தது. ஏற்றுமதிக் கனியை வெந்நீராலோ நீராவியாலோ பக்குவப்படுத்தும் ஏற்பாடுகளுக்குப் பின், 2015 தொடக்கத்தில் தடை நீங்கிற்று. நம் கடைத்தெருக் கனிக்கு அத்தகைய காவல் இல்லை.

லால்பாக் மாம்பழ மேளாவில் தோப்புக்காரரே நின்று விற்பதுண்டு. அவருடைய ஊரில் எத்தனை தோப்புகளில் பொறி தொங்குகிறது என்று நேயர்கள் கேட்டுப் பார்க்கலாம்.