மாசியில் விதைத்த தக்காளி ஏன் காய்ப்பதில்லை? தேனி பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கு எந்த விதை சரி?

'வசந்த காலம் வந்தாச்சு, தக்காளி விதை போடுங்க' என்று யூடியூபில் வரும் தோட்ட வீடியோக்கள் பலவும் குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே உறைபனி விலகட்டும் என்று காத்திருந்து விதைப்பார்கள். பழனிசெட்டிபட்டியில் கணக்கு தலைகீழ். இங்கே காத்திருந்தால் வெயில் வந்துவிடும்.

தமிழ் மாதக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயர் குளுமையாக இருந்தாலும் அக்னி நட்சத்திரம் வருவது அந்த நேரத்தில்தான். அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்குக் கையில் இருப்பது மாசியும் பங்குனியும், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. இந்த இரண்டு மாதத்தில் எதை விதைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தக்காளிக்கு என்ன பிரச்சினை?

மாசி தொடக்கத்தில் தக்காளி விதை போட்டால் நாற்று தயாராக 25 நாள் ஆகும். எடுத்து நட்டு, பூ வர இன்னும் ஒரு மாதம். கூட்டிப் பார்த்தால் பூக்கும் நேரம் சித்திரை பிறப்பு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் தக்காளியில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். 'செடி நல்லாத்தான் இருக்கு, காய் மட்டும் பிடிக்கல' என்று சொல்வது இதனால்தான். உரம் கூடுதலாகப் போட்டால் இலைதான் வளரும்.

தக்காளிதான் வேண்டும் என்றால் தை மாதத்திலேயே நாற்று விட வேண்டும். இல்லையென்றால் ஆடிப் பட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம். 50 சதவீத பச்சை நிழல்வலை கட்டினால் ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் மொட்டை மாடியில் தரைச் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதை முழுசாக நம்ப முடியாது.

அப்போ என்ன விதைப்பது?

வெண்டையும் கொத்தவரையும் வெயிலுக்கு அஞ்சாதவை. இரண்டையும் நேரடியாக விதைக்கலாம், நாற்று தேவையில்லை. வெண்டை விதையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் 4 முதல் 6 நாளில் முளைத்துவிடும், 45 முதல் 50 நாளில் முதல் காய் பறிக்கலாம். ஒரு எச்சரிக்கை: கோடையில் வெள்ளை ஈ அதிகம். அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்த செடியில் இலை நரம்புகள் மஞ்சளாகும், காயும் வெளிறும். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிப் போட்டால் மற்ற செடிகள் பிழைக்கும். பரிதாபப்பட்டு விட்டுவைத்தால் வரிசை மொத்தமும் போகும்.

தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூன்றும் இந்த நேரத்தில் நன்றாக வரும். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். எறும்பு தூக்கிக்கொண்டு போகும் என்பவர்கள் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணை போடுவார்கள், எறும்பு அதன் பக்கம் போய்விடும். 25 நாளில் கீரை தயார்.

புடலை, பீர்க்கு, சுரை, பாகல் மாதிரி கொடிகளை மாசி முதல் வாரத்திலேயே போடுவது நல்லது. காரணம் வெயில் மட்டும் இல்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியே வரும் காற்று தேனி மாவட்டத்தையே ஆட்டிவைக்கும். ஆண்டிபட்டி பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். சீக்கிரம் விதைத்தால் பந்தல் ஆடத் தொடங்குவதற்குள் பெரும்பகுதி காயைப் பறித்துவிடலாம். முதலில் வரும் பூக்கள் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அவை ஆண் பூக்கள். பின்னால் பிஞ்சோடு சேர்ந்து வருவதுதான் பெண் பூ.

மூலிகை, வாசனைச் செடிகளில் கொத்தமல்லிதான் வம்பு பிடித்தது. வெயில் ஏறினால் இலை தராமல் நேராகப் பூவுக்குப் போய்விடும். மாசிக்குள் விதைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தால் 35 நாளில் பறிக்கலாம். முழு மல்லியைத் தரையில் போட்டு லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கும். வெந்தயக்கீரை 20, 25 நாளில் முடிந்துவிடும் என்பதால் அதில் தலைவலி கிடையாது. துளசியும் விதையிலிருந்து சுலபமாக வரும். புதினாவுக்கும் ஓமவல்லிக்கும் விதை தேட வேண்டாம், தண்டு ஒடித்து நட்டாலே போதும். கறிவேப்பிலைப் பழத்தின் விதையை மட்டும் காயவைத்து எடுத்து வைக்கக் கூடாது. சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும், சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.

பெரியகுளம் கொடுத்த விதைகள்

தேனியிலிருந்து சுமார் 15 கி.மீ தூரத்தில் பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'பி.கே.எம்' என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. 1989-ல் வெளியான பி.கே.எம் 1 முருங்கைதான் அதில் நாடறிந்தது. அதுவரை முருங்கை என்றால் போத்து வெட்டி நடுவதுதான் வழக்கம். விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய் பறிப்பதைப் பரவலாக்கியது இந்த ரகம்.

உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. பி.கே.எம் 1 தக்காளி, 'அன்னஞ்சி' என்ற நாட்டுத் தக்காளியில் செயற்கையாகத் தூண்டிய மரபு மாற்றத்தால் வந்தது. அன்னஞ்சி என்பது தேனியை ஒட்டிய ஊரின் பெயர். தட்டையாக, காம்புப் பக்கம் பச்சை படர்ந்து இருக்கும் பழம் அது, தூரத்துக்கு ஏற்றி அனுப்பினாலும் தாங்கும். அதே மாதிரி பி.கே.எம் 1 கத்தரி, வறட்சி தாங்கும் 'புழுதிக் கத்தரி'யிலிருந்து வந்தது. மாசியில் கத்தரி போட நினைப்பவர்களுக்கு இது ஏற்ற ரகம்.

பாக்கெட்டின் பின்பக்கம் என்ன பார்ப்பது?

முன்பக்கப் படத்தை மறந்துவிடலாம். பின்பக்கம் மூன்று விஷயம் இருக்கும்: பரிசோதனை செய்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, முளைப்புத்திறன். விதைத் தரச் சான்று விதிகளின்படி தக்காளி, கத்தரிக்குக் குறைந்தது 70 சதவீதமும், வெண்டைக்கு 65-ம், மிளகாய்க்கு 60-ம் முளைப்புத்திறன் வேண்டும். நீல அட்டை சான்று பெற்ற விதைக்கு, பச்சை அட்டை உற்பத்தியாளரே தரம் சொல்லி விற்கும் விதைக்கு.

பழைய பாக்கெட் என்றால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். ஏழு முளைத்தால் நம்பி விதைக்கலாம். நாலுதான் என்றால் இரண்டு மடங்கு விதை போட வேண்டும், அல்லது பாக்கெட்டைத் தூக்கிப்போட வேண்டும். இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறம் பூசிய விதை என்றால் அது பூச்சிக்கொல்லி அல்லது பூஞ்சைக்கொல்லி கலந்தது. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது, மிச்சத்தைக் கோழிக்குப் போடவும் கூடாது.

மண்ணும் தண்ணீரும்

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு போதும். பள்ளத்தாக்கில் தென்னைக்குப் பஞ்சமில்லை என்பதால் நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் புதிதாக வந்ததை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் நாற்றைக் கருக்கிவிடும். குழித்தட்டு இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி போதும். விதையை அதன் பருமனைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளைக்காமல் போன விதைகளில் பல, குழி தோண்டிப் புதைக்கப்பட்டவைதான். தண்ணீரைப் பூவாளியால் காலையிலும் மாலையிலும் தெளிக்கலாம், உச்சி வெயிலில் வேண்டாம்.

அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கலாமா?

பாக்கெட்டில் 'எஃப் 1' அல்லது 'வீரிய ஒட்டு' என்று இருந்தால் அதில் எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. மேலே சொன்ன பி.கே.எம் 1 ரகங்களிலும், நாட்டு ரகங்களிலும் எடுக்கலாம். சட்டமும் தடுக்கவில்லை: 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

வெண்டையைச் செடியிலேயே காயவிட்டு எடுக்கலாம். தக்காளி விதையைச் சாறோடு ஒரு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் வழவழப்பு போகும். சுரையில் மட்டும் கவனம் தேவை. கசக்கும் பேய்ச்சுரையோடு மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறைக் காயும் கசக்கலாம், கசந்த சுரைக்காய் உடலுக்கு விஷம். சமைக்கும் முன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் தூக்கிப்போட வேண்டும். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலோடு கலந்து, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரையும் தேதியையும் ஒட்டி வைத்தால் ஆடி வரை தாங்கும்.